ஊருக்கொரு சமோசா

நுழையும்முன்

உணவுகளைச் சொந்த உணவு என்றும் வந்த உணவு என்றும் பிரித்துப் பேசுவது வழக்கம். அப்பிரிவு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைத் தேநீர்க் கடைகளில் நாள்தோறும் கிடைக்கும் ஒரு தின்பண்டத்தின் வரலாறு எண்ணிப்பார்க்க வைக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து சென்னைக்குச் செல்லும் புறநகர் மின்தொடர் வண்டிகளில் சமோசாக் கூடையுடன் வணிகர் வருவது பயணிகளுக்குப் பழகிய காட்சி. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள மாமல்லபுரக் கடற்கரைக்கு வருவோரும் பஜ்ஜி, சுண்டலோடு சமோசாவையும் விரும்பி உண்பர். இப்பகுதியினருக்குச் சமோசா என்றதும் நினைவுக்கு வருவது சிறிய, தட்டையான வெங்காயச் சமோசாவே. பஞ்சாபிலோ உருளைக்கிழங்கும் பட்டாணியும் நிறைந்த பருத்த சமோசாவையே அப்பெயர் குறிக்கும்.

பெயரும் பிறப்பும்

சமோசா என்னும் பெயர் பாரசீக மொழி வழியாக வந்தது. 14ஆம் நூற்றாண்டில் தில்லிக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, சுல்தான் முகமது பின் துக்ளக்கின் விருந்தில் இப்பண்டத்தைக் கண்டு எழுதியுள்ளார். கொத்திய இறைச்சி, பாதாம், பிஸ்தா, வெங்காயம், நறுமணப் பொருள்கள் ஆகியவற்றை மெல்லிய மாவுறையில் வைத்து நெய்யில் பொரித்தனர் என்பது அவர் தரும் செய்தி. அதில் உருளைக்கிழங்கோ மிளகாயோ இல்லை. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அவ்விரண்டும் போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவில் பரவின. ஆகவே, இன்று வட இந்தியச் சமோசாவின் அடையாளமாகக் கருதப்படும் உருளைக்கிழங்கும் வந்த பொருளே.

இருவகைச் செய்முறை

பஞ்சாபிச் சமோசாவிற்கு மைதாவுடன் நெய்யோ எண்ணெயோ சேர்த்துக் கெட்டியாகப் பிசைவர். உறை தடிமனாக இருப்பதால் மிதமான சூட்டில் நெடுநேரம் பொரிப்பர். வெங்காயச் சமோசாவிற்கோ மாவை மெல்லியதாகத் தேய்த்து, கல்லில் இலேசாக வாட்டி, நீளவாக்கில் நறுக்கி, முக்கோணமாக மடிப்பர். விளிம்பை மைதாப் பசையால் ஒட்டுவர். வெங்காயம் நீர்விடும் இயல்புடையது. நீர் கசிந்தால் உறை நமத்துவிடும். அந்த ஈரத்தை உறிஞ்சுவதற்காகச் சிலர் அவல் சேர்ப்பதுண்டு. உள்ளீட்டின் இயல்பே செய்முறையையும் தீர்மானிக்கிறது.

உறவுப் பண்டங்கள்

வங்காளத்துச் சிங்காராவில் குளிர்காலத்தில் பூக்கோசு இடம்பெறும். ஐதராபாத்தின் லுக்மி சதுர வடிவினது, கொத்துக்கறி நிறைந்தது. கோவாவில் இப்பண்டம் சமூசா எனப்படும். தமிழ்நாட்டில் தீபாவளிக்குச் செய்யப்படும் சோமாசி, பொட்டுக்கடலை, தேங்காய், சர்க்கரை கலந்த பூரணத்தைக் கொண்ட அரைநிலா வடிவப் பண்டம். உறைக்குள் உள்ளீடு வைத்துப் பொரிக்கும் முறையால் சோமாசியும் சமோசாவை ஒத்திருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

உஸ்பெகிஸ்தானில் 'சம்சா' எண்ணெயில் பொரிக்கப்படுவதில்லை. மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடப்படுகிறது. மியான்மரில் சமோசாவைத் துண்டுகளாக்கி, முட்டைக்கோசு, புதினா முதலியவற்றுடன் கலந்து உண்பர்.

அரசவை விருந்தில் இடம்பெற்ற பண்டம் இன்று தொடர்வண்டிப் பயணியின் மாலைப்பசியைத் தணிக்கிறது. செல்வர் உண்ட பாதாமும் பிஸ்தாவும் இருந்த இடத்தில், எளியோர்க்கும் எட்டும் வெங்காயம் அமர்ந்தது. பெயர் தொலைவிலிருந்து வந்தது; சுவையை அந்தந்த ஊரின் விளைச்சலும் உழைப்பும் உருவாக்கின. எங்கிருந்து வந்தது என்பதோடு, யார் கையில் எவ்வாறு மாறியது என்பதையும் அறியும்போதே ஓர் உணவின் வரலாறு முழுமை பெறும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் விற்கப்படும் தின்பண்டம் ஒன்றின் பெயர், மூலப்பொருள்கள், செய்முறை ஆகியவற்றை விற்பவரிடம் கேட்டுத் தொகுக்க.
2. 'உணவில் சொந்தமும் வரவும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.