குருதியும் கலைச்சொற்களும்

நுழையும்முன்

மருத்துவ அறிக்கைகளில் காணப்படும் நீண்ட சொற்கள் படிப்போரை மிரள வைக்கின்றன. அவற்றைப் பகுத்து நோக்கினால், சில வேர்ச்சொற்களே மீண்டும் மீண்டும் வருவதை அறியலாம். குருதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்று எத்தனை அறிவியற்சொற்களை ஈன்றது, அவை எங்கே உண்மையைச் சுட்டுகின்றன, எங்கே மயக்கம் தருகின்றன, தமிழ் அவற்றை எவ்வாறு எதிர்கொண்டது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

வேரும் கிளையும்

கிரேக்க மொழியில் 'ஹைமா' என்பது குருதியைக் குறிக்கும். இச்சொல் கூட்டுச்சொல்லின் முதலில் வரும்போது 'ஹீமோ' என்றும் 'ஹெமட்டோ' என்றும், இறுதியில் வரும்போது 'ஈமியா' என்றும் திரிகிறது. பகுதி, விகுதி பிரித்துப் பொருள் காணப் பழகியவர்களுக்கு இத்திரிபு புதிதன்று. 'ஹெமட்டாலஜி' என்பது குருதியைப் பற்றிய இயல். 'ஹெமரேஜ்' என்பதில் குருதியோடு 'பீறிட்டு வெளிப்படுதல்' என்னும் பொருளுடைய சொல் சேர்ந்துள்ளது. 'செப்டிசீமியா' என்பதன் முற்பகுதி அழுகலைக் குறிக்கிறது.

இவ்வேர் மருத்துவத்தின் எல்லையையும் கடந்து செல்கிறது. இரும்புத் தாதுக்களுள் ஒன்றான 'ஹெமடைட்', பொடியாக்கும்போது செந்நிறம் காட்டுவதால் குருதியின் பெயரைப் பெற்றது. சங்கப் புலவர்கள் காந்தள் மலரின் செம்மைக்குக் குருதியை ஒப்புமையாக்கினர். நிறத்தைக் கண்டு குருதியை நினைப்பது மொழிகளுக்குப் பொதுவான இயல்பு.

பெயரும் ஆய்வும்

1845ஆம் ஆண்டு ஐரோப்பாவில் இரு மருத்துவர்கள் ஒரே வகை நோயைத் தனித்தனியே விவரித்தனர். இறந்த நோயாளிகளின் மண்ணீரல் பெருத்திருந்தது. குருதியில் நிறமற்ற அணுக்கள் அளவின்றி நிறைந்திருந்தன. எடின்பரோவின் ஜான் ஹியூஸ் பென்னட், குருதி சீழ்பிடித்ததே இறப்புக்குக் காரணம் என்று எழுதினார். பெர்லினின் ருடால்ப் விர்சோ, தாம் கண்டதை 'வெண்குருதி' என்று மட்டும் குறித்தார். 1847இல் அதே பொருளைக் கிரேக்க மொழியில் தரும் 'லுகேமியா' என்னும் பெயரை அவர் வழங்கினார். 'லுகோஸ்' என்பது வெண்மை.

சீழ் என்பது ஒரு முடிவு. வெண்மை என்பது ஒரு காட்சி. முடிவை முந்திச் சொன்ன பெயர் ஆய்வைத் தவறான திசையில் செலுத்தக்கூடும். கண்டதை மட்டும் கூறிய பெயரோ காரணத்தைத் தேடுவதற்கு இடம் விட்டது. அந்நோய் குருதியணுக்களை உருவாக்கும் திசுவில் தோன்றும் புற்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அப்போதும் பழைய பெயரை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

சொல்லும் பொருளும் விலகும் இடம்

எல்லாப் பெயர்களும் இவ்வாறு பொருந்துவதில்லை. 'அனீமியா' என்பதன் நேர்பொருள் குருதியின்மை. உண்மையில், அந்நோயுற்றவர் உடலில் குருதி இல்லாமற் போவதில்லை. அதிலுள்ள ஹீமோகுளோபினே குறைகிறது. 1864இல் ஹோப்பே-சைலர் பெயரிட்ட இப்பொருளின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. அவையே உயிர்வளியைப் பற்றிச் செல்கின்றன. இரும்புச்சத்து குறைந்தால் சோர்வும் மூச்சிரைப்பும் தோன்றுகின்றன. தமிழில் வழங்கும் 'குருதிச்சோகை' என்னும் சொல்லில் உள்ள 'சோகை', உடல் வெளிறுதலைக் குறிப்பது. இவ்விடத்தில் கிரேக்கச் சொல்லைவிடத் தமிழ்ச்சொல்லே நோயாளியின் தோற்றத்துக்கு அணுக்கமாக உள்ளது.

'ஹீமோஃபிலியா' என்பதன் நேர்பொருள் குருதி விருப்பம். காயம்பட்டால் குருதி எளிதில் உறையாமல் ஒழுகும் பிறவி நோய்க்கு இப்பெயர் எவ்வகையிலும் பொருந்தவில்லை. ஆயினும், 1828 முதல் அது நிலைபெற்றுவிட்டது. வேர்ச்சொல் பொருளுக்கு வழிகாட்டும். பொருளை முழுதும் உணர்த்திவிடாது என்பதற்கு இவ்விரு சொற்களும் சான்று.

ஓரெழுத்தின் விலை

நீரிழிவு நோயாளிகளின் அறிக்கைகளில் 'ஹைப்பர்கிளைசீமியா', 'ஹைப்போகிளைசீமியா' என்னும் இரு சொற்கள் இடம்பெறும். 'ஹைப்பர்' மிகுதியையும், 'ஹைப்போ' கீழ்நிலையையும், 'கிளைக்' இனிப்பையும் உணர்த்தும். முதலாவது குருதியில் சர்க்கரை மிகுந்த நிலை. அடங்காத் தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் அதன் குறிகள். இரண்டாவது சர்க்கரை தாழ்ந்த நிலை. வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் ஆகியன அதன் குறிகள்.

பின்னதில் நினைவுடன் இருப்பவருக்கு உடனே சர்க்கரை தரவேண்டும். சொல்லை மாற்றிப் புரிந்துகொண்டு அவருக்கு இன்சுலின் செலுத்தினால் உயிருக்கே ஊறு நேரும். காதில் ஏறக்குறைய ஒன்றாக ஒலிக்கும் இச்சொற்களை 'மிகை', 'தாழ்' என்னும் அடைமொழிகளால் தமிழ் ஐயமின்றி வேறுபடுத்துகிறது. தாய்மொழிக் கலைச்சொல் உயிர்காக்கும் கருவியாகவும் அமையும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

தமிழின் சொற்குடும்பம்

விர்சோ 'லுகேமியா' என்று பெயரிட்ட அதே 1847ஆம் ஆண்டில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்திய அவர், தமிழ் கற்று, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்தார். மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கியதோடு கலைச்சொற்களையும் தொகுத்தார்.

அம்முயற்சி இன்றும் தொடர்கிறது. குருதியணு, குருதித்தட்டு, குருதியழுத்தம், குருதிக்கொடை, குருதியியல் எனத் தமிழிலும் ஒரே வேர் பெருங்குடும்பமாய்க் கிளைத்துள்ளது. பிறமொழி வேரை அறிவது உலக அறிவுக்கு வாயில்; தம்மொழி வேரை அறிவது அவ்வறிவைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் ஆற்றல். இரண்டும் கைவரப்பெற்ற மருத்துவரே நோயாளிக்குப் புரியுமாறு பேச இயலும்.

தெரிந்து தெளிவோம்

'ஹீமோகுளோபின்' என்பது கலப்புச் சொல். அதன் முற்பகுதி கிரேக்கம்; உருண்டையைக் குறிக்கும் பிற்பகுதி இலத்தீனில் தோன்றியது.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள பெரியவரின் குருதி ஆய்வறிக்கையில் இடம்பெறும் சொற்களை அவருக்குத் தமிழில் விளக்குக.
2. 'கண்' என்பதனை முதலாகக் கொண்ட மருத்துவச் சொற்களைத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா: 'ஹைமா' என்னும் வேர் அடையும் திரிபுகள் யாவை?
சிறுவினா: 'சீழ்', 'வெண்மை' ஆகிய இரு பெயரீடுகளின் வேறுபாட்டை விளக்குக.
நெடுவினா: மருத்துவத்தில் தாய்மொழிக் கலைச்சொற்களின் இன்றியமையாமையைப் பாடப்பகுதிவழி நிறுவுக.