லேசர் பிரிண்ட் மங்கினால்: ரீஃபிலா, டிரம்மா, புது கார்ட்ரிட்ஜா?

எழுத்து மங்கினால் உடனே ரீஃபில்காரருக்கு போன் போடுவதுதான் நம் வழக்கம். ஆனால் பல சமயம் குறை தூளில் இருக்காது. எதற்குச் செலவு செய்வது என்பதை அச்சான தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

சின்ன அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இன்றும் உழைக்கும் எச்பி 1020, கேனான் எல்பிபி 2900 ஆகியவற்றை வைத்துச் சொல்கிறேன். முன்னதற்கு 12ஏ கார்ட்ரிட்ஜ், பின்னதற்கு 303. டோனர் தூள், டிரம் என்ற உருளை, அதை வழித்தெடுக்கும் பிளேடு, கழிவுத் தூள் சேரும் அறை எல்லாம் இவற்றில் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. ரீஃபில் செய்தால் தூள் மட்டும்தான் புதிது.

தாள் முழுக்க ஒரே சீராக மங்கலா? டோனர் சேமிப்பு அமைப்பு ஆன் ஆகியிருந்தால் முதலில் அதை அணையுங்கள். பிறகு கார்ட்ரிட்ஜை எடுத்துப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிப் போடுங்கள். கொஞ்ச நேரம் தெளிவாக வந்தால் தூள் தீர்கிறது, ரீஃபில் போதும். மேலிருந்து கீழாக மெல்லிய கருங்கோடு விழுந்தால், டிரம்மில் கீறல் அல்லது பிளேடு தேய்வு. ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வருகிறதா, ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். இடைவெளி 7.5 செ.மீ. என்றால் பழுது டிரம்மில்தான்; சுமார் 24 மி.மீ. விட்டமுள்ள அந்த உருளையின் சுற்றளவு அவ்வளவு. வெள்ளைப் பகுதியெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் டிரம் தேய்ந்திருக்கலாம், ஒத்துவராத தூள் போட்டிருக்கலாம்.

விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்வது வேறு கதை. தூளைச் சூட்டால் தாளில் உருக்கி ஒட்டவைப்பது ஃப்யூசர். அது கெட்டிருந்தால் எந்த கார்ட்ரிட்ஜ் வாங்கியும் பயனில்லை. ஆனால் மழைக்காலத்தில் பிரித்துவைத்த பேப்பர் ஈரம் உறிஞ்சியிருந்தாலும் இப்படி ஆகும். புதுக் கட்டிலிருந்து ஒரு தாள் போட்டுப் பார்த்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால், பக்கம் பாதி அச்சாகும்போது மூடியைத் திறந்து நிறுத்துங்கள். ஃப்யூசருக்குள் போகாத பகுதியிலேயே கோடோ புள்ளியோ தெரிந்தால், ஃப்யூசர் மேல் பழியில்லை.

இனி, எதை வாங்குவது? ரீஃபில் சில நூறு ரூபாய்தான். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் தாராளமாகச் செய்யலாம். கழிவு அறையை உங்கள் கண்முன் காலி செய்யச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் பழைய தூள் தாளிலேயே கொட்டும். மூன்றாம் முறை ரீஃபிலோடு டிரம்மையும் பிளேடையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். தினமும் அச்சடிக்கும் கடைக்கு இதுவே சிறந்த வழி என்பது என் முடிவு. சென்னை ரிச்சி தெருவில் இந்த உதிரிபாகங்கள் தனியாகவே கிடைக்கும். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துச் செல்லும்போது கறுப்பு உறையில் போடுங்கள். வெளிச்சம் பட்டால் டிரம் கெடும்.

வேறு நிறுவனங்கள் செய்யும் கம்பேட்டிபிள் கார்ட்ரிட்ஜில் எல்லாமே புதிதாக வரும், ஆனால் தரம் பெட்டிக்குப் பெட்டி மாறும். மாற்றித் தருவதாகச் சொல்லும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

ஒரிஜினல் சில ஆயிரம். 12ஏ-க்குச் சொல்லப்படும் கணக்கு 2,000 பக்கம். அதுவும் தாளில் 5 சதவீதம் மட்டும் தூள் விழுந்தால். நாள் முழுக்க ஓடும் கடைக்கு இது கட்டாது. மாதம் பத்து இருபது பக்கம் அச்சடிக்கும் வீட்டுக்கு ஒரிஜினலே மேல்: இங்க் போல் டோனர் உலராது, வருடக்கணக்கில் வரும்.

பிரதர் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு டிரம் தனி, டோனர் தனி. காசு செலவழிக்கும் முன் டிரம் யூனிட்டின் பச்சைப் பிடியை இடமும் வலமுமாகச் சில முறை நகர்த்தி, பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் கம்பி சுத்தமாகி, கோடு மறைந்துவிடக்கூடும்.

ஜெராக்ஸ் கடை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு நுழைவுச்சீட்டு எடுக்க வரும் பிள்ளைக்கு, முகம் தெரியாமல் கறுத்த தாளைக் கொடுத்து அனுப்பாதீர்கள். டிரம்மை மாற்றுங்கள், அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.