மீன் தொட்டியில் பாசியா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும்: ஒன்றில் சிறுவாணி, இன்னொன்றில் போர் தண்ணீர். மீன் தொட்டியில் பாசி பிடித்ததும் மருந்து வாங்க ஓடாதீர்கள். தொட்டிக்குப் போவது எந்தத் தண்ணீர், அதில் என்ன மிஞ்சுகிறது என்று முதலில் பாருங்கள்.

1. தோட்டத்துக் கிணறு அல்லது போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். காட்டுக்குப் போடும் யூரியாவில் ஒரு பங்கு நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்கும். அந்தத் தண்ணீரை மாற்ற மாற்றப் பாசிக்கு உரம் வைத்த மாதிரிதான். மீன் கடையில் கிடைக்கும் நைட்ரேட் சோதனைப் பட்டையைத் தொட்டியில் மட்டுமல்ல, கிணற்றுத் தண்ணீரிலும் நனைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுவாணித் தண்ணீரையோ மழைநீரையோ பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம்.

2. சிறுவாணி மென்னீர். அதில் உப்புச் சத்து குறைவு என்பதால் தொட்டியின் அமிலத்தன்மை சீக்கிரம் ஏறி இறங்கும். மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றாமல், வாரம் ஒருமுறை கால்வாசி மாற்றுங்கள். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாய் அகன்ற பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்தோ, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டோ ஊற்றுங்கள்.

3. விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். சுவிட்சை ஞாபகம் வைத்து அணைப்பது நடக்காத காரியம், டைமர் மாட்டிவிடுங்கள். மேற்கு ஜன்னலை ஒட்டித் தொட்டி வேண்டவே வேண்டாம்.

4. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவே தீனி. மிச்சம் அடியில் அழுகிப் பாஸ்பேட்டாகும். வீட்டில் ஆளாளுக்கு ஒரு சிட்டிகை போடுவதுதான் பல தொட்டிகள் பச்சையாவதற்குக் காரணம். தீனி டப்பா ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

5. கண்ணாடியில் ஒட்டிய பச்சைப் புள்ளிகளைப் பழைய ஏடிஎம் கார்டைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழாகச் சுரண்டுங்கள். அக்ரிலிக் தொட்டி என்றால் கீறல் விழும், மெத்தென்ற பஞ்சு போதும். சுரண்டியதெல்லாம் அடியில் படிய அரை மணி நேரம் விட்டு, டியூப் போட்டு உறிஞ்சி வெளியேற்றுங்கள். இதை விட்டுவிட்டால் சுரண்டிய பாசி அங்கேயே அழுகி அடுத்த பாசிக்குத் தீனியாகும்.

6. நீர்மட்டத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது பாசியல்ல, போர் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பு. நீர்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, வினிகர் தொட்ட துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடைத்துவிடுங்கள்.

7. புதுத் தொட்டியில் பழுப்புப் படலம் வந்தால் பதற வேண்டாம். சில வாரங்களில் தானே குறையும்.

8. தண்ணீரே பச்சையாகிவிட்டதா? விளக்கை அணைத்து, கனத்த போர்வையால் தொட்டியை 3, 4 நாள் முழுக்க மூடுங்கள். காற்று மோட்டார் நிற்காமல் ஓட வேண்டும். சாகும் பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். திறந்ததும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

9. நீலப்பச்சையில் தோல் மாதிரி உரிந்து, கெட்ட வாடை அடித்தால் அது உண்மையில் ஒருவகை பாக்டீரியா. டியூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தண்ணீர் ஓட்டம் அந்த மூலைக்கும் போகும்படி பில்டரைத் திருப்பி வையுங்கள்.

10. பில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா குளோரினில் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம்.

11. வேலம்பாசி போன்ற வேகமாக வளரும் செடிகள் பாசிக்குப் போக வேண்டிய சத்தை முந்திக்கொண்டு எடுக்கும். மணிபிளான்ட் கொடியின் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டாலும் அதே பலன். சாக்கடை கலக்கும் குளத்திலிருந்து செடி பறித்து வர வேண்டாம்.

12. தோட்டத்தில் போர்டோ கலவைக்கு வைத்திருக்கும் மயில்துத்தத்தைச் சிலர் ஒரு சிட்டிகை போட்டுப் பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பாசியோடு இறாலும் நத்தையும் சாகும். மென்னீரில் தாமிரத்தின் நஞ்சு இன்னும் கடுமை, சிறுவாணித் தொட்டியில் மீனும் மிஞ்சாது.

13. பாசி தின்னும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன், விரலளவில் இருக்கும்போதுதான் ஒழுங்காகத் தின்னும். ஓர் அடிக்கு மேல் வளரும், கழிவும் அதற்கேற்ப. சிறிய தொட்டிக்கு நத்தை அல்லது மோலி மீனே போதும். ஏற்கெனவே வாங்கி, வளர்ந்துவிட்டது என்றால் நொய்யலிலோ உக்கடம் பெரியகுளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன் இது, நம் நீர்நிலையில் பெருகினால் நாட்டு மீன்களுக்கு இரையும் இடமும் போய்விடும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அவர்கள் கொடுத்துவிடுவார்கள்.