இணைய அங்காடியும் ஏலக்காய்க் கணக்கும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை வட்டத்தில் அமைந்த சாந்தன்பாறை, ஏலத் தோட்டங்கள் சூழ்ந்த மலையூராகும். இப்பகுதியில் விளையும் காய், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் புற்றடியிலும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் மின்னணு ஏலங்களுக்குச் செல்கிறது. அங்கு வாங்குவோர் வியாபாரிகளே. தம் காயைச் சிறு பொட்டலங்களாக்கி உண்போருக்கு நேரே விற்க விரும்பும் விவசாயிக்கு வேறொரு சாதனம் வேண்டும். இணைய அங்காடி அத்தகைய சாதனமாகும்.

கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கிறோம். இணைய அங்காடிக்கான நிரலை ஒவ்வொருவரும் புதிதாக எழுத வேண்டுவதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் பொது நிரலைத் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். அத்திருத்தத்தை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

பொது நிரலின் இயல்பு

பரவலாக உபயோகத்தில் உள்ள வூகாமர்ஸ் என்னும் நிரலை உதாரணமாகக் கொள்வோம். 2003-ல் தோன்றிய வேர்ட்பிரஸ் என்னும் அமைப்பின் மீது இயங்குமாறு இது 2011-ல் வெளியிடப்பட்டது. பி.எச்.பி. என்னும் கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டது. அதன் மூலக் கட்டளைகளை எவரும் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம்.

உலகத்து வணிகர் அனைவருக்கும் பொதுவாக அமைக்கப்பட்டதால், இந்நிரல் எண்ணி விற்கும் பண்டங்களையே முதன்மையாக மனத்திற் கொண்டுள்ளது. சட்டையும் புத்தகமும் எண்ணத் தக்கவை. ஏலக்காயோ நிறுத்து விற்கப்படுவது. தொல்லைகள் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

திருத்தம் அவசியந்தானா?

நிரலில் கை வைக்குமுன், அதன் அமைப்புப் பக்கங்களிலேயே தேவை நிறைவேறுமா என்று பார்த்தல் வேண்டும். வரியை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த ஏலக்காய்க்குச் சரக்கு-சேவை வரி 5 சதவீதம். வரிப் பதிவு பெற்ற சாந்தன்பாறை விற்பனையாளர் மூணாற்றுக்கு அனுப்பினால் அது மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 எனப் பிரியும். மலையிறங்கியதும் வரும் போடிநாயக்கனூருக்கு அனுப்பினால், மாநில எல்லையைக் கடப்பதால், ஒருங்கிணைந்த வரியாக 5 சதவீதம் விதிக்கப்படும். வாங்குபவரின் மாநிலத்தைக் கொண்டு வரியை நிர்ணயிக்கும் பட்டியல் நிரலிலேயே உள்ளது. அதை நிரப்பினால் போதும். ஒரு வரி நிரலும் எழுத வேண்டியதில்லை.

கொக்கிகள்

அமைப்புப் பக்கங்களில் முடியாதவற்றிற்குக் கொக்கிகள் உதவுகின்றன. நிரல் ஓடும் வழியில், பிறர் தம் கட்டளைகளை மாட்டிக்கொள்வதற்கென விடப்பட்ட இடங்களே இவை. கொக்கிகள் இருவகைப்படும். குறித்த தருணத்தில் ஒரு காரியத்தைச் செய்விப்பது ‘செயல்’ எனப்படும். நிரலிலிருந்து ஒரு மதிப்பைப் பெற்று, மாற்றித் திருப்பித் தருவது ‘வடிகட்டி’ எனப்படும்.

மூல நிரலை நேரே திருத்துவது எளிது எனத் தோன்றலாம். ஆனால் புதிய பதிப்பு வரும்போது மூலக் கோப்புகள் முழுவதும் மாற்றப்படுகின்றன. செய்த திருத்தம் எச்சரிக்கையின்றி மறைந்துவிடும். அதற்கு அஞ்சிப் புதுப்பிக்காமல் விட்டாலோ, பாதுகாப்புக் குறைகள் நீங்காமல் அங்காடி திருடருக்குத் திறந்தே கிடக்கும். ஆதலின் திருத்தங்களைத் தனிச் செருகு நிரலாக எழுதிக் கொக்கிகளில் மாட்டுவதே முறை.

எடைக் கணக்கு

விவசாயி ஒருவரிடம் 12.750 கிலோ காய் இருப்பதாகக் கொள்வோம். வூகாமர்ஸ் இருப்பை வழக்கமாக முழு எண்ணாகவே கொள்ளும். பின்னம் வெட்டப்பட்டு 12 என்று பதிவாகும். புற்றடி ஏலத்தில் 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை விலை போயிற்று. அவ்விலையில், கணக்கில் மறைந்த 750 கிராமின் மதிப்பு 5,250 ரூபாய்!

பின்னத்தை ஏற்குமாறு நிரலைத் திருத்தலாம். எனினும் கணிப்பொறி பின்னங்களை இரும எண்களாகக் கொள்வதால், 0.1-உம் 0.2-உம் கூட்டினால் விடை சற்றே பிசகி 0.30000000000000004 என வரக்கூடும். இதனினும் சிறந்த வழி அலகை மாற்றுவது. இருப்பைக் கிராமில் எழுதினால் 12,750 என்பது முழு எண்ணே. பின்னம் என்ற கேள்வியே எழாது.

மொத்த இருப்பை ஒரே இடத்தில் வைத்து, 100, 250 கிராம் பொட்டலங்களை அதன் கீழ் வகைகளாக அமைக்கலாம். அப்போது ஒரு பொட்டலம் விற்றால் நிரல் ஒன்றை மட்டுமே கழிக்கும். ‘வூகாமர்ஸ்_ஆர்டர்_ஐட்டம்_குவான்டிட்டி’ என்னும் வடிகட்டியில், பொட்டல எண்ணிக்கையைப் பொட்டலத்தின் எடையால் பெருக்கித் திருப்பித் தந்தால் கழித்தல் சரியாகும்.

இத்துடன் வேலை முடிந்ததாக எண்ணலாகாது. 1 கிலோ இருப்பு 1,000 என்று பதிவாகியிருக்க, வாங்குபவர் 250 கிராம் பொட்டலம் ஐந்து கேட்டால், ஐந்து ஆயிரத்தினும் குறைவே என்று நிரல் அனுமதித்துவிடும். இல்லாத காய்க்குப் பணம் பெற்ற விவசாயி, விலை ஏறிய நாளிலும் சந்தையில் வாங்கியே அனுப்ப நேரும். ஆகவே, ‘வூகாமர்ஸ்_செக்_கார்ட்_ஐட்டம்ஸ்’ என்னும் செயற்கொக்கியில், கூடையில் உள்ள மொத்த எடையை இருப்புடன் ஒப்பிட்டு, மிகுந்தால் ஆர்டரைத் தடுக்கும் கட்டளையையும் மாட்டுதல் வேண்டும்.

சோதனை

திருத்திய நிரலை முதலில் அங்காடியின் நகலில் இயக்கிப் பார்க்க வேண்டும். 12,750 கிராம் இருப்பில் 250 கிராம் பொட்டலம் இரண்டும் 100 கிராம் பொட்டலம் ஒன்றும் விற்றால், 12,150 எஞ்ச வேண்டும். ஆர்டரை ரத்துச் செய்தால் மீண்டும் 12,750 ஆதல் வேண்டும். ஒரு பொட்டலத்திற்கு மட்டும் பணம் திருப்பித் தரும்போது நிரல் வேறு வழியில் இருப்பை மீட்பதால், அதையும் தனியே சோதித்தல் அவசியம். ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பின்னும் இக்கணக்குகளைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

கடைத் தராசை எடையளவுத் துறையார் சோதித்து முத்திரை இடுகின்றனர். அங்காடி நிரலுக்கு அத்தகைய முத்திரை இல்லை. அதன் எடை சரியா என்று பார்க்கும் பொறுப்பு அதைத் திருத்தியவரையே சாரும்.