நடுக்கடலில் நின்ற மோட்டார்

சங்கக் கூட்டத்துக்கு வரும் நண்பர்களில் படகு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு: "மோட்டார் கரையில் நன்றாக ஓடுகிறது, கடலுக்குப் போனால் நின்றுவிடுகிறது. ஏன்?" இதற்கு நான் காசு கொடுத்துக் கற்ற பாடத்தையே இங்கே எழுதுகிறேன்.

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நானும் என் மைத்துனரும் 2009-ல் ஒரு பழைய டிங்கி வாங்கினோம். படகின் பின்பலகையில் மாட்டும் இரண்டு சிலிண்டர் மோட்டார், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் ரகம். ஒரு நாள் மாலை மைத்துனரின் இரண்டு பிள்ளைகளும் உடன் இருக்க, கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி மோட்டார் பட்டென்று நின்றது. கடல் வற்றுகிற நேரம். "மாமா, கரை சின்னதாகிக்கிட்டே போகுது" என்றாள் சின்னவள். இருந்தது ஒரே துடுப்பு. இருட்டிய பிறகுதான் வேறொரு டிங்கிக்காரர் கயிறு போட்டு எங்களை இழுத்து வந்தார்.

"பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் மச்சான்" என்றார் மைத்துனர். நான் மறுத்தேன். பெட்ரோல் வராவிட்டால் பெரும்பாலும் மோட்டார் இருமி, இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கும். சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே நொடியில் நின்றால் முதலில் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். இதுவரை சரியாகத்தான் யோசித்தேன். அதன் பிறகு செய்ததுதான் தவறு. எதையும் சோதிக்காமல், சிடிஐ பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்கிப் போட்டேன். ஒரு மாதக் குடும்பச் செலவு அதில் போயிற்று. அடுத்த வாரமே மோட்டார் மறுபடி நின்றது.

இந்த மாதிரிப் பழைய மோட்டாரில் பொறி உண்டாக பேட்டரி தேவையில்லை. மேலே சுழலும் ஃப்ளைவீலுக்குள் காந்தங்கள் இருக்கின்றன. அவை கீழே உள்ள காயிலைக் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது. சிடிஐ பெட்டி அதைச் சேர்த்து வைத்து, தக்க நொடியில் இக்னிஷன் காயிலுக்கு விட, அங்கே அழுத்தம் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி ஸ்பார்க் பிளக்கில் பொறியாகிறது. இன்னும் பழைய மோட்டார்களில் பெட்டிக்குப் பதில் பாயிண்டும் கண்டென்சரும் இருக்கும்.

நாம் ஏமாறுகிற இடம் நிறுத்தும் பட்டன். வீட்டில் சுவிட்சை அணைத்தால் மின்சாரம் அறுபடுகிறது. இங்கே நேர்மாறு. பட்டனை அழுத்தினால் ஒரு ஒயர் மோட்டாரின் உடலோடு சேர்ந்து, பொறிக்குப் போக வேண்டிய மின்சாரத்தை எர்த் ஆக்கிவிடுகிறது. ஆகவே அந்த ஒயர் அறுந்தால் மோட்டார் நிற்காது. அதன் உறை தேய்ந்து உடலில் பட்டால் மோட்டார் ஓடாது.

முதலில் பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதி மோட்டார் உடலில் அழுத்தமாகப் படும்படி கவ்வி வையுங்கள். பிளக் இருந்த ஓட்டையைத் துணியால் மூடி, பெட்ரோல் குழாயைக் கழற்றித் தள்ளி வையுங்கள். ஆவியில் பொறி பட்டால் தீப்பிடிக்கும். பிளக்கை எர்த் செய்யாமல் கயிற்றை இழுத்தால் சிடிஐ பெட்டி கெடவும் வாய்ப்புண்டு. இழுத்ததும் 'டக் டக்' என்று நீலப் பொறி வந்தால் நல்லது. மெலிந்த மஞ்சள் பொறி என்றால் சந்தேகப்படுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லையென்றால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். பிறகு இரண்டு இக்னிஷன் காயில்களையும் இடம் மாற்றுங்கள். காயிலோடு கோளாறும் இடம் மாறினால் குற்றவாளி அகப்பட்டது.

இரண்டிலுமே பொறி இல்லையா? எதையும் வாங்குமுன் நிறுத்தும் ஒயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். பொறி திரும்பி வந்தால் பெட்டிக்குப் பழுதில்லை, ஒயரிலோ பட்டனிலோதான் கோளாறு. இந்த நிலையில் மோட்டாரை ஓட்டினால் பட்டன் வேலை செய்யாது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். அப்படியே கடலுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். ஓட்டுபவர் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கையிற்றுக் கயிறும் அதே ஒயரை நம்பித்தான் இருக்கிறது.

என் மோட்டாரில் இந்தச் சோதனையும் முதலில் பிடிகொடுக்கவில்லை. கரையில் ஒயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறி வந்தது! பிறகு கழற்றிய ஒயருக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, திருப்பும் கைப்பிடியை மெல்ல மேலும் கீழும் அசைத்தேன். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் முள் துள்ளிப் பூஜ்யத்துக்கு வந்தது. கைப்பிடியின் மூட்டுக்கு அடியில் ஒயர் நசுங்கி, உறை போய், செம்பு பச்சை பூத்திருந்தது. கரையில் கைப்பிடி அசையாததால் படவில்லை. அலையில் ஆடும்போது பட்டது.

கடலில் நின்று, ஆறியதும் ஓடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சூடேறினால் உள்ளே விட்டுப்போகும் காயில். அதை வீட்டில் ஆறிய பிறகு அளந்தால் அளவு சரியாகவே காட்டும். தலைமுடி உலர்த்தும் கருவியால் காயிலைச் சூடாக்கிக்கொண்டே ஓம் அளவைப் பார்த்தால் முள் ஓடுவது தெரியும். (வீட்டம்மாவிடம் கேட்டு எடுப்பது நல்லது.) சரியான அளவு மோட்டாருக்கு மோட்டார் வேறுபடும். அதற்கான புத்தகத்தைப் பாருங்கள்.

நான் அந்த ஒயரை வெட்டி, புது ஒயரைப் பற்றவைத்து, சுருங்கும் உறை போட்டு, மூட்டிலிருந்து விலக்கிக் கட்டினேன். பழைய சிடிஐ பெட்டியையே மறுபடி மாட்டி ஓட்டினோம். புதிதாக வாங்கியதைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.