நீர்ப்பிரமி: பெயரும் பொருளும்



திருவனந்தபுரத்தில் வெள்ளாயணிக் காயல் போன்ற நீர்நிலைகளின் ஓரங்களிலும், வயல் வரப்புகளிலும், சேறு காயாத வாய்க்கால் விளிம்புகளிலும் தரையோடு தரையாய்ப் படர்வதொரு சிறு பூண்டு. காலால் மிதித்துக் கடப்போரே பலர். குனிந்து நோக்குவோர் சிலர். இதனைத் தமிழில் நீர்ப்பிரமி என்பர். மலையாளத்தார் பிரஹ்மி என்பர். இதைப்பற்றி நாம் கற்ற பாடத்தை இங்குக் கூற விழைகின்றோம். அப்பாடம் நம் பிழையிலிருந்தே தொடங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பேரன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். பிரமி உண்டால் நினைவு பெருகும் என்று பலரும் கூறக் கேட்டிருந்தோம். தெருவோரக் கழிவுநீர்க் கால்வாயின் விளிம்பில் தழைத்திருந்த கொடியில் ஒரு பிடி பறித்து, அரைத்து, விடியலில் வெறும் வயிற்றில் ஊட்டினோம். பிள்ளை அன்று முழுதும் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டான். கணக்குத் தேர்வு அவனின்றியே நடந்தது.

முதிய வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். "என்ன கொடுத்தீர்?" என்றார். "பிரமி" என்றோம். "இலை எப்படியிருந்தது? எங்கே பறித்தீர்?" என்றார். முதற் கேள்விக்கு விடை தெரியவில்லை. இரண்டாவதற்கு விடை சொல்ல நாணினோம். எஞ்சிய கொடியைக் கொணர்ந்து காட்டினோம்; அதில் பாதி பொடுதலை. "கலப்புச் செடி, கெட்ட இடம், வெறும் வயிறு, இம்மூன்றில் எது வருத்தியதென்று நான் எப்படிச் சொல்வேன்?" என்றார் அவர்.

ஆலையில் நூல் நூற்ற நாளில் இத்தகைய பிழையை நாம் செய்ததில்லை. கட்டின்மேல் 40ஆம் நம்பர் என்று சீட்டு ஒட்டியிருந்தால் மட்டும் அது 40ஆம் நம்பர் நூலாகிவிடாது. 840 கசம் நீளமுள்ள கழிகள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை நின்றால்தான் அது 40ஆம் நம்பர். சீட்டை நம்பாமல் நிறுத்துப் பார்த்த கை, பிள்ளைக்கு மருந்தென்று வந்தபோது பெயரை நம்பிவிட்டது. கேள்விப்பட்டதாலேயே ஒன்றை ஏற்கலாகாது என்று ததாகதர் காலாமர்க்கு உரைத்ததைப் பிறர்க்குப் போதித்து வந்த நாமே அதனைக் கைவிட்டோம்.

இனிச் செடியை அறிவோம். நீர்ப்பிரமியின் தண்டு மெல்லியது, சாறுள்ளது. கணுதோறும் வேர்விட்டுப் படரும். இலைகள் இரண்டிரண்டாய் எதிரெதிரே நிற்கும், சிறியவை, தடித்தவை, நுனி அகன்று அடி குறுகிச் சிறு கரண்டி போல்வன. பூ வெண்மை அல்லது வெளிர்நீலம், ஐந்து இதழ், இலைக்கக்கத்தில் தனித்தனியே காம்பில் மலரும். சுவை கசப்பு. பொடுதலைக்கோ இலைநுனியோரம் பல்போல் வெட்டுண்டிருக்கும். பூக்கள் ஒரு கொண்டையாய் நெருங்கி நிற்கும். வல்லாரைக்கு நீண்ட காம்பின்மேல் வட்ட இலை. வடநாட்டில் வல்லாரையையும் பலர் பிரமி என்றே வழங்குவதால், பெயர் சொல்லி வாங்குவோர் ஏமாறுவதுண்டு.

இவ்விரண்டையும் வேறு பிரித்து 17ஆம் நூற்றாண்டிலேயே ஏட்டில் ஏற்றியுள்ளனர். டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்னும் நூலின் பத்தாம் தொகுதியில் இரண்டுக்கும் தனித்தனிப் படங்கள் உள. அந்நூலுக்குச் செடியறிவு வழங்கியவருள் தலையாயவர் சேர்த்தலையைச் சார்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். அவர் 1675 ஏப்ரல் 20 அன்று கோலெழுத்தில் எழுதித் தந்த சான்று முதல் தொகுதியில் அச்சேறியுள்ளது. மணிலால் அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை 2003இல் திருவனந்தபுரத்துக் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சாதியாற் கீழென ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்தவரின் அறிவை உலகம் ஏற்றது எதனால்? அவர் செடியைக் கண்டறிந்து சொன்னார். பெயரை மட்டும் சொல்லவில்லை.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். இச்செடி சேற்றிலுள்ள காட்மியம், குரோமியம் முதலிய உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் என்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். கழுவினால் மேலழுக்குப் போகும். உள்ளே ஏறியது போகாது. ஆகவே கழிவுநீர் ஓடுமிடத்து நீர்ப்பிரமி எவ்வளவு செழித்திருப்பினும் உணவாகாது, மருந்துமாகாது.

பயனோ ஓரிரவில் வருவதன்று. வளர்ந்தோரிடம் நடந்த சில ஆய்வுகளில், அளவறிந்த சாரத்தைப் பன்னிரண்டு வாரம் நாள்தோறும் உண்டபின்பே நினைவாற்றலில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. சிலர்க்கு வயிற்றுக் குமட்டலும் உண்டாயிற்று. தேர்வுக்கு முதல்நாள் ஊட்டுவதால் பிள்ளை கற்றதனினும் மிகுதியாக நினைவிற் கொள்ளான்.

நம் மக்களுக்குக் கல்வியே பெருஞ்செல்வம். அதற்கென எதையும் கொடுக்கத் துணிவது பெற்றோர் இயல்பே. ஆயினும் கொடுக்குமுன் இவற்றைச் செய்க:

1. இலையையும் பூவையும் கண்ணால் நோக்கி உறுதி செய்க.
2. வளர்ந்த இடத்தையும் அங்குப் பாயும் நீரையும் ஆராய்க.
3. கற்ற வைத்தியரிடம் அளவு கேட்க. கருவுற்றோரும் வேறு மருந்து உண்போரும் கேளாமல் தொடற்க.

நம் பேரன் மறுதேர்வு எழுதித் தேறினான். இப்போது இவ்விரு செடிகளையும் அவனே நமக்குப் பிரித்துக் காட்டுகிறான்.

மங்களம் உண்டாகுக.