தலைத் தீபாவளிக்குள் முடிக்க வேண்டியவை

கும்பகோணம்,
ஆடி 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆடிப்பெருக்கன்று நீ வந்து தாலி பிரித்துக் கோர்த்துக்கொண்டு போனதில் உன் அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். மாப்பிள்ளையும் லீவு போட்டுவிட்டுக் காவிரிக்கரை வரை கூடவே வந்து நின்றார். அன்றைக்கே உங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேச நினைத்தேன். வீடு நிறைய ஆட்கள், சாயங்காலம் உங்களுக்கு ரயில். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு. இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இனி வரிசையாக விசேஷங்கள் வரும். தலைத் தீபாவளி, தலைப் பொங்கல், முதல் கல்யாண நாள், பிறகு வளைகாப்பு. இவற்றை நீங்கள் மறந்தாலும் சொந்தபந்தம் மறக்காது. தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரமா, செயினா என்று உன் அம்மா இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். கல்யாணக் கடனே இன்னும் அடையவில்லை. எதுவும் வேண்டாம் என்று மாப்பிள்ளை தன் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். நீ சொன்னால் கேட்கமாட்டாள், அவர்தான் சொல்ல வேண்டும். நான் எழுத வந்தது வேறு. பத்திரிகையும் சீர்வரிசையும் இல்லாத சில காரியங்கள் குடும்பத்தில் உண்டு. அவற்றை உங்களுக்காக யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். நீங்கள் இருவரும்தான் செய்துகொள்ள வேண்டும்.

முதலில் கல்யாணப் பதிவு. மண்டபத்தில் ஊரே பார்த்தது, ஆல்பமும் வந்துவிட்டது, இதற்கு மேல் எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. உங்கள் கல்யாணம் வைகாசி 25-இல் நடந்தது. ஆவணி மூன்றாம் வாரத்தோடு 90 நாள் முடிகிறது. நாளைக்கு வெளிநாட்டு வேலை, விசா என்று வந்தால் இந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. கணவர் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மாமனாருடன் வந்தாள். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். பல மாதமாக என்ட்ரி போடாத பாஸ்புக், கேஸ் புத்தகம், ஒரு சீட்டு அட்டை, பேட்டர்ன் தெரியாமல் பூட்டிக்கிடந்த அவருடைய செல்போன். எங்கே எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கேட்டால், "அவங்கதான் மேடம் எல்லாம் பாத்துப்பாங்க" என்பதைத் தவிர அவளிடம் வேறு பதில் இல்லை. பி.காம். படித்த பெண். தேடிப் பார்த்ததில் எங்கள் கிளையிலேயே ஒரு டெபாசிட் இருந்தது. கல்யாணத்துக்கு முன் போட்டது. நாமினி, அவருடைய தம்பி. வங்கி நாமினியிடம்தான் பணத்தைத் தரும். வாரிசுகள் தங்கள் பங்கை அவரிடம்தான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கொழுந்தன் நல்ல பிள்ளை. பணம் கைக்கு வந்ததும் அப்படியே அண்ணி கணக்கில் போட்டுவிட்டான். ஆனால் ஒரு பெண்ணின் பிழைப்பு கொழுந்தனின் நல்ல குணத்தை நம்பி இருக்கக் கூடாது, பாப்பா.

உங்கள் இருவருக்கும் பி.எஃப். உண்டு. அதில் கல்யாணத்துக்கு முன் யார் பெயரைப் போட்டிருந்தாலும் கல்யாணத்தோடு அது செல்லாது, புதிதாகப் பதிய வேண்டும் என்பது விதி. வங்கி டெபாசிட்டில் அப்படி இல்லை. நீங்களாக மாற்றும்வரை பழைய பெயரே நிற்கும். இன்ஷூரன்ஸ் பாலிசிகளையும் எடுத்துப் பாருங்கள். கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் ஒருவர் பெயரை ஒருவர் சேர்த்துவிட்டீர்களா என்று கேள். பல கம்பெனிகளில் கல்யாணம் ஆன பிறகு பெயர் சேர்க்கக் கெடு வைத்திருப்பார்கள். வீட்டுச் செலவுக்கு இருவர் பெயரிலும் ஒரு கணக்குத் திறந்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் வையுங்கள். சம்பளக் கணக்கு அவரவர் பெயரிலேயே இருக்கட்டும். அதையும் ஒன்றாக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் அவசரப்படாதே.

கடனையும் பேசிவிடுங்கள். மாப்பிள்ளை தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன், உன் படிப்புக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி இருவரும் பாருங்கள். முதல் வருடத்தில் சொல்வது சுலபம். பிறகு ஏஜென்ட் போன் செய்து தெரியவந்தால், கடனைவிட மறைத்ததுதான் பெரிதாகிவிடும். நீ மாதாமாதம் உன் அம்மா அப்பாவுக்குப் பணம் அனுப்புகிறாய் என்று எனக்குத் தெரியும். அதையும் அந்த நோட்டிலேயே எழுது. மாப்பிள்ளை தன் பெற்றோருக்குச் செய்வது எவ்வளவு நியாயமோ, நீ செய்வதும் அவ்வளவு நியாயம். 2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பொறுப்பைத்தான் சொல்கிறது.

உனக்குப் போட்ட நகை உன்னுடையது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அவசரத்துக்கு அடகு வைக்க நேர்ந்தால் தயங்காதே, குடும்பத்துக்கு உதவாத நகை எதற்கு? ஆனால் உன் பெயரில் வை. ரசீது உன் கையில் இருக்கட்டும். மீட்கிற மாதத்தையும் அன்றே பேசிவிடு. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு பலருக்குத் தெரியாது. உயில் எழுதாமல் ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குப் பங்கு போகும். உயில் எழுதாத பெண்ணுக்குக் கணவரும் பிள்ளைகளும் இல்லாவிட்டால், அவள் சொந்தமாகச் சம்பாதித்ததும்கூட முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற அம்மா அப்பா அவர்களுக்குப் பிறகுதான். அதனால் இருவரும் உயில் எழுதி வையுங்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டால் போதும், பதிவு செய்வது கட்டாயமில்லை. இந்த வயதில் உயிலா என்று உன் அம்மா பதறுவாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆனியில் உங்கள் வீட்டில் தங்கியபோது பார்த்தேன், மாப்பிள்ளை தோசை அருமையாக வார்க்கிறார். ஆனால் மாவு இருக்கிறதா, கேஸ் எப்போது தீரும், தண்ணீர் கேனுக்குச் சொல்லியாச்சா, வேலைக்கார அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்தாச்சா என்று நினைவில் வைத்திருந்தது நீ மட்டும். ஆபீஸ் மீட்டிங்கின் நடுவே கேன்காரருக்குப் போன் செய்தவளும் நீதான். 2019-இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், ஆண்கள் 97 நிமிடம் என்றும் வந்தது. உங்கள் வீட்டில் அந்தக் கணக்கு மாற வேண்டும். மாப்பிள்ளை, இது உங்களுக்கு. சொன்னால் செய்கிறேன் என்று இருக்காதீர்கள். கேஸ், தண்ணீர், கரண்ட் பில், மளிகை ஆகியவற்றை முழுசாக உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், அவள் ஞாபகப்படுத்தாமலேயே நடக்கும்படி.

சண்டை வராமல் இருக்காது. வந்த இரவே அம்மாவுக்குப் போன் போடாதே. நீங்கள் காலையில் காபி குடிக்கும்போது சமாதானம் ஆகிவிடுவீர்கள். அவளோ வருடக்கணக்கில் மனசில் வைத்திருப்பாள். கை ஓங்குவது மட்டும் சண்டையில் சேராது. யார் வீட்டுப் பெண்ணுக்கும் இதைத்தான் சொல்வேன்: அப்படி ஒன்று நடந்தால் அன்றைக்கே என்னிடம் சொல், 181-ஐக் கூப்பிடு.

இப்போதே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்திருப்பார்கள். தீபாவளிக்கு வரும்போது இன்னும் நாலு பேர் கேட்பார்கள். எப்போது என்பது நீங்கள் இருவரும் முடிவு செய்வது. கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன், அத்தை மாமாக்களை என்னிடம் விடு. முடிவு செய்த பிறகு, நாள் தள்ளிப்போவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடு. ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்ப்பார்கள். ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார்கள். கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் முதல் நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்ளும். பலருக்கு அதற்குள் கர்ப்பம் என்றே தெரியாது. அதனால்தான் மாத்திரையை முன்கூட்டியே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால்தான் பரிசோதனையைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் இருவரும் சேர்ந்தே போங்கள். பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவைத்துவிட்டு, ஆணுக்கு உள்ள எளிய பரிசோதனையைக் கடைசியில் செய்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பிரசவத்துக்கு வேலையை விட வேண்டுமா என்று அன்றைக்கு ஒரு பேச்சு வந்ததே, விடவே கூடாது. 2017-இலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அது கம்பெனி கொடுக்கும் சலுகை இல்லை, சட்டம் உனக்குக் கொடுத்த உரிமை.

இதில் எதைத் தள்ளிப்போட்டாலும் கல்யாணப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். வருகிற வாரமே இருவரும் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, பத்திரிகை, ஆதார், வயதுச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். சாட்சிக்கு ஆள் வேண்டுமானால் முதல் நாளே போன் செய், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா